வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மொட்டைப் பனையை வெட்டலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாக வைத்துவிடுகிறேன், பிறகு வந்து படிப்பவர்களுக்கும் புரியும். ராமநாதபுரத்துக்குக் கிழக்கே, பட்டணம்காத்தான் தாண்டி ஒரு புது நகரில் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறீர்கள். பின்பக்கம் ஒரு பழைய ஓடை, அதன் கரையில் பனை வரிசை, அதை ஒட்டி ஒரு தென்னந்தோப்பு. ஒரு மரங்கொத்தி தினமும் காலையில் வந்து உங்கள் தென்னையைக் கொத்துகிறது, தலை போன பனை ஒன்றில் பொந்து போட்டிருக்கிறது, போதாததற்கு மாடி ஜன்னல் கண்ணாடியையும் தட்டுகிறது. 'அது கொத்துன மரம் பட்டுப்போகும், பனையை வெட்டிடு' என்று உங்கள் மாமியார் சொல்கிறார். பொந்தில் பாம்பு வரும் என்று பக்கத்து மனைக்காரர் பயமுறுத்துகிறார். வெட்டலாமா, பறவையை விரட்டலாமா?

பனையை வெட்டாதீர்கள். பறவையை விரட்டவும் வேண்டாம். ஆனால் தென்னையை மட்டும் இன்றைக்கே ஒருமுறை நன்றாகச் சுற்றிப் பாருங்கள், ஏனென்றால் அங்கே உங்களுக்கு வேறு ஒரு பிரச்சினை இருக்கக்கூடும், அதைத்தான் அந்தப் பறவை காட்டிக்கொடுக்கிறது. காரணம் சொல்லக் கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வந்தது மரங்கொத்திதானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளலாம். நம் பக்கத்தில் பாதிப் பேர் கொண்டலாத்தியைத்தான் மரங்கொத்தி என்கிறார்கள். தலையில் விசிறி மாதிரிக் கொண்டை, நீளமான வளைந்த அலகு, உடம்பு வெளிர் பழுப்பு, இறக்கையில் கறுப்பு வெள்ளைப் பட்டை, தரையில் நடந்து புல்லுக்குள் அலகை விட்டுத் தோண்டும். அது மரத்தைக் கொத்தாது. நீங்கள் சொல்வது மரத்தில் செங்குத்தாக ஒட்டிக்கொண்டு, வாலை ஊன்றி, தத்தித் தத்தி மேலே ஏறுகிற பறவை. முதுகு தங்க மஞ்சள், தலையில் சிவப்புக் கொண்டை, முகத்தில் கறுப்பு வெள்ளைக் கோடுகள், கழுத்துக்குக் கீழே கறுப்பில் வெள்ளைப் புள்ளி. அப்படியென்றால் அது பொன்முதுகு மரங்கொத்தி, மைனாவை விடப் பெரியது, ஏறக்குறைய முக்கால் அடியிலிருந்து ஓரடி நீளம். ஆணுக்கு நெற்றியிலிருந்தே சிவப்பு. பெண்ணுக்கு முன்னந்தலை கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள், பின்கொண்டை மட்டும் சிவப்பு. இதை வைத்து உங்கள் பனையில் ஒன்று இருக்கிறதா, ஜோடி இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். பறக்கும்போது படபடவென்று நாலு அடி அடித்து, இறக்கையை மூடி, இறங்கி, மறுபடி அடித்து, அலை போலப் போகும். போகும்போதே 'கிகிகிகி' என்று சிரிக்கிற மாதிரி ஒரு கத்தல். பெரும்பாலும் இந்தக் கத்தல்தான் முதலில் கேட்கும், பறவை அப்புறம்தான் கண்ணில் படும்.

இன்னொரு சின்ன மரங்கொத்தியும் வறண்ட காடுகளில் உண்டு. மஞ்சள் நெற்றி, முதுகில் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி, குருவியை விடச் சற்றுப் பெரிது. மராட்டிய மரங்கொத்தி என்பார்கள். அது அவ்வளவாகச் சத்தம் போடாது, கருவேல மரக் கிளைகளில் தன் பாட்டுக்கு இருக்கும். வீட்டுக்குப் பின்னால் வந்து ஆர்ப்பாட்டம் பண்ணுவது பொன்முதுகுதான்.

ஒரு விஷயம் கவனித்திருப்பீர்கள். நீங்கள் பக்கத்தில் போனால் அது பறக்காமல் மரத்தின் மறுபக்கம் நழுவும். நீங்கள் இந்தப் பக்கம் சுற்றினால் அது அந்தப் பக்கம் சுற்றும். வல்லூறு துரத்த வந்தாலும் அது செய்வது இதே வித்தைதான். போட்டோ எடுக்க வேண்டுமென்றால் இரண்டு பேர் இரண்டு பக்கம் நிற்க வேண்டும், தனியாகப் போனால் வெறும் பனையைத்தான் எடுத்துக்கொண்டு வருவீர்கள்.

சரி, கொத்துவதற்கு வருவோம். எல்லாக் கொத்தலும் ஒன்றல்ல. இரை தேடிக் கொத்துவது ஒரு வகை: இரண்டு தட்டு, நிறுத்தி, தலையைச் சாய்த்து, ஓரடி தள்ளி மறுபடி இரண்டு தட்டு, பட்டையை நெம்பி எறிவது. இதில் மரத்துக்குப் பெரிய காயம் இருக்காது. பொந்து குடையக் கொத்துவது இரண்டாவது: ஒரே இடத்தில், நாள்கணக்கில், சில்லுச் சில்லாகத் தூள் கீழே விழும். மூன்றாவது, எல்லையை அறிவிக்கவும் ஜோடியைக் கூப்பிடவும் வேகமாக முழக்குவது. குளிர்நாட்டு மரங்கொத்திகள் சில வீட்டுத் தகரத்தின் மேல் உட்கார்ந்து இப்படி முழக்கி ஊரை எழுப்பும். நம்முடையது முழக்குவது குறைவு, கத்துவதுதான் அதிகம். ஆகவே உங்கள் தென்னையில் நடப்பது முதல் வகை, பனையில் நடந்தது இரண்டாவது. கண்ணாடியில் நடப்பது இந்த மூன்றிலும் சேராது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இவ்வளவு கொத்தியும் மண்டை கலங்காதா என்று உங்கள் பையன் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நல்ல கேள்வி, விஞ்ஞானிகளும் ரொம்ப நாள் தவறான பதிலையே சொல்லிக்கொண்டிருந்த கேள்வி. மண்டையோட்டில் பஞ்சு மாதிரி எலும்பு இருக்கிறது, அது அதிர்ச்சியை உறிஞ்சிக்கொள்கிறது, அதைப் பார்த்துத்தான் ஹெல்மெட் செய்கிறோம் என்றெல்லாம் படித்திருப்பீர்கள். 2022-ல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் அதிவேகக் கேமராவில் எடுத்துப் பார்த்தபோது அப்படி எதுவும் உறிஞ்சவில்லை என்று தெரிந்தது. அலகும் மண்டையும் ஒரே கட்டியாக, இறுக்கமாகத்தான் அடிக்கின்றன. யோசித்தால் அதுதான் சரி, அடியை உறிஞ்சிக்கொண்டால் மரத்தில் எது இறங்கும்? மூளை கலங்காததற்குக் காரணம் அது மிகச் சின்னது என்பதுதான், அவ்வளவு சின்ன மூளைக்கு அந்த அடி ஆபத்தான அளவை எட்டுவதில்லை. பையனுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: நாக்கைத் தாங்கும் எலும்பு வாய்க்குள் முடியாமல் மண்டையைப் பின்பக்கமாகச் சுற்றி மேலே ஏறி முன்னால் வருகிறது. அதனால்தான் அலகை விட நீளமாக நாக்கை நீட்டி, துளைக்குள் விட்டு, புழுவை எச்சிலில் ஒட்டி இழுக்க முடிகிறது.

இப்போது தென்னை. பொன்முதுகு மரங்கொத்தி தின்பது எறும்பு, கரையான், வண்டுப்புழு. கட்டெறும்பு என்றால் உயிர். கொஞ்சம் பூத்தேனும் பழமும் உண்டு. நல்ல தென்னையின் தண்டில் அதற்கு வேலை இல்லை, எறும்புச் சாரியைப் பின்தொடர்ந்து ஏறிவிட்டுப் போய்விடும். ஒரே தென்னையில், ஒரே உயரத்தில், தினமும் வந்து பட்டையைக் கிளறுகிறது என்றால் உள்ளே புழு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் தென்னந்தண்டைக் குடையும் சிவப்புக் கூன்வண்டின் புழுவாக இருக்கும்.

கூன்வண்டின் தொல்லையே, வெளியே தெரியும்போது உள்ளே பாதி முடிந்திருக்கும் என்பதுதான். தண்டில் சின்ன ஓட்டைகள், அதிலிருந்து பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று சாறு வழிவது, மென்று துப்பிய நார் வெளியே தள்ளிக்கொண்டு நிற்பது, நடுவில் இருக்கும் இலைகள் மஞ்சளாவது, இதெல்லாம் அறிகுறி. அமைதியான நேரத்தில் தண்டில் காதை வைத்தால் புழு கரகரவென்று அரைக்கும் சத்தம் கேட்கும். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் காற்றுக்குக் கொண்டை அப்படியே சாய்ந்துவிடும், அப்போது 'மரங்கொத்தி கொத்திக் கொத்தித்தான் போச்சு' என்று பழி விழும். பறவை தின்னும் புழுக்களை வைத்து ஒரு தோப்பைக் காப்பாற்றிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன், அது அளவுக்கு மீறிய புகழ்ச்சி. தண்டுக்குள் ஆழமாக இருக்கும் புழுவை அதனாலும் எட்ட முடியாது. ஆனால் எந்த மரத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று இலவசமாகச் சொல்லிவிடுகிறது, அது சின்ன விஷயமில்லை.

கூன்வண்டு காயத்தை மோப்பம் பிடித்துத்தான் வரும். அதனால் பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டாதீர்கள், மூன்றரை நாலு அடி மட்டையை விட்டு வெட்டச் சொல்லுங்கள். தேங்காய் போடுகிறவர் ஏற வசதியாகத் தண்டில் வெட்டுப் போட்டால் விடாதீர்கள். குருத்து இலை விரியும்போது கத்தரித்த மாதிரி 'வி' வடிவத்தில் வெட்டியிருந்தால் அது காண்டாமிருக வண்டு, குருத்தில் அது போடும் ஓட்டை வழியாகவே கூன்வண்டும் நுழையும். வண்டை மணத்தால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதென்றால் தோப்புக்கு நடுவில் வைக்காதீர்கள், ஊரில் உள்ள வண்டையெல்லாம் உங்கள் மரத்துக்கே அழைத்த மாதிரி ஆகிவிடும். ஓரத்தில், மரத்திலிருந்து தள்ளி வையுங்கள். தோப்புக்காரரிடமும் பேசுங்கள், உங்கள் ஒரு மரத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பட்டுப்போன மரத்தை நிற்க விடுங்கள் என்று பறவை பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்வோம். பட்ட தென்னையை உடனே அப்புறப்படுத்துங்கள் என்று வேளாண்மைக்காரர்கள் சொல்வார்கள். இரண்டு பேரும் சொல்வது சரிதான். மட்கிய தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும், கூன்வண்டு விழுந்த மரமோ அடுத்த மரத்துக்கு வண்டு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆகவே என் கணக்கு இது: கூன்வண்டில் செத்த தென்னையை வெட்டி, தண்டைப் பிளந்து எரித்துவிடுங்கள், அதில் பறவைப் பாசம் வேண்டாம். பல வருஷம் முன்பே தலை போய், காய்ந்து, உள்ளே புழு எல்லாம் தீர்ந்து நிற்கும் பனையை விட்டுவையுங்கள். வேம்பு, பூவரசு, புளி இவற்றில் காய்ந்த கிளை இருந்தால், வீட்டின் மேலோ பாதையின் மேலோ விழாத பக்கம் என்றால், அதையும் விட்டுவையுங்கள்.

மொட்டைப் பனை ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், பனையின் உடம்பு அப்படி. வேம்பு புளி மாதிரி நடுவில் வைரம், வெளியே மென்மை என்ற அமைப்பு பனைக்குக் கிடையாது. தலைகீழ். வெளிவட்டம்தான் வைரம், உள்ளே சோறு. உயிரோடு இருக்கும்போது அந்த வெளிவட்டத்தைக் குடைவது லேசல்ல. தலை போய் மழையில் ஊறிவிட்டால் உள்ளே மெத்தென்று ஆகிவிடும், வெளியே மட்டும் ஓடு மாதிரி உறுதியாக நிற்கும். மரங்கொத்திக்கு ஒரு வட்ட வாசல் போட்டு உள்ளே போனால் போதும், கீழ்நோக்கிக் குடைவது பிறகு சுலபம். மேலே உறுதியான சுவர், உள்ளே இருட்டு, காற்றுக்கு அசையாது. இந்தக் கடற்கரையில் இதை விட நல்ல வீடு எந்தப் பறவைக்கும் கிடைக்காது.

ஆணும் பெண்ணும் சேர்ந்துதான் குடையும். உள்ளே பஞ்சு, புல் எதுவும் விரிக்காது, குடைந்த தூளின் மேலேயே முட்டை. பளபளவென்று வெள்ளை, சாதாரணமாக மூன்று. பொந்துக்குள் யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால் நிறமும் புள்ளியும் தேவைப்படவில்லை. பதினோரு நாள் வாக்கில் குஞ்சு பொரித்து, அப்புறம் இருபது நாள் போலப் பொந்துக்குள்ளேயே வளரும். தாயும் தகப்பனும் விழுங்கிவந்ததைக் கக்கி ஊட்டும், அதனால் வாயில் புழு தொங்காமல் வெறும் அலகோடு பொந்துக்குள் போவதைப் பார்த்து 'குஞ்சு இல்லை போல' என்று நினைத்துவிட வேண்டாம். மாசி தொடங்கி ஆனி ஆடி வரை எப்போது வேண்டுமானாலும் கூடு இருக்கலாம். பதநீர் இறக்கும் காலமும் ஏறக்குறைய இதுதான். சாயல்குடிப் பக்கம் பனையேறுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், எந்தப் பனையில் என்ன பொந்து, அதில் இந்த வருஷம் யார் குடித்தனம் என்று ஒப்பிப்பார்கள். பறவையைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர்களை விட அவர்களுக்குத் தெரியும், யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

குடித்தனம் என்று சொன்னது வேடிக்கைக்காக அல்ல. மரங்கொத்தி போனபின் அந்தப் பொந்து காலியாக இருப்பதில்லை. பச்சைக்கிளி வந்து வாசலைக் கடித்து அகலப்படுத்தும். மைனா குப்பையெல்லாம் கொண்டுவந்து அடைக்கும். புள்ளி ஆந்தை, பனங்காடை, குண்டுகரிச்சான், அணில் எல்லாம் வரிசையில் நிற்கும். இவற்றில் ஒன்றுக்குக்கூட மரத்தைத் தானே குடையத் தெரியாது. நீங்கள் ஒரு மொட்டைப் பனையை வெட்டினால் ஒரு ஜோடி மரங்கொத்தி மட்டும் போகாது, அடுத்த ஐந்தாறு வருஷத்துக்கு அதில் குடிவர வேண்டியவை எல்லாம் போகும். சில சமயம் மரங்கொத்தி குடைந்து முடிக்கும் முன்பே கிளியோ மைனாவோ வந்து தகராறு செய்து பிடுங்கிக்கொள்வதும் உண்டு, மரங்கொத்தியும் சாது இல்லை, மற்றவர்கள் பொந்தில் புகுந்து கலாட்டா செய்யும்.

பாம்பு விஷயம். முட்டை தேடிச் சாரையும் கொம்பேறி மூக்கனும் பனை ஏறும், உண்மைதான். இரண்டுக்கும் மனிதனைக் கொல்லும் விஷம் கிடையாது. ஆனால் பொந்து இருப்பதால் பாம்பு வீட்டுக்கு வராது. வீட்டுக்குப் பாம்பை வரவழைப்பது, கட்டுமானம் முடிந்து காம்பவுண்டை ஒட்டிக் கிடக்கும் செங்கல் குவியலும், அதில் குடியிருக்கும் எலியும், சாப்பாட்டுக் கழிவும்தான். பக்கத்து மனைக்காரர் தன் மனையில் கொட்டி வைத்திருக்கும் உடைந்த கல்லை முதலில் அள்ளினால் நல்லது என்று நாசூக்காகச் சொல்லிப் பாருங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. உங்கள் வீட்டு மரத்துக்கு மரங்கொத்தி எப்படி வந்தது? அது காக்கை மாதிரி ஊரைத் தாண்டி, வெட்டவெளியைத் தாண்டிப் பறந்து வரும் பறவை அல்ல. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரம், அங்கிருந்து அடுத்தது என்றுதான் அதன் பயணம். அதற்கு மரங்களின் தொடர் வேண்டும். நம் மாவட்டத்தில் காடு என்று சொல்ல அதிகமில்லை, ஆனால் அந்தத் தொடர் நிறைய இருந்தது. கண்மாய்க் கரைகளில் பனையும் நாட்டுக்கருவேலமும், வரத்துக்கால் ஓரத்தில் பூவரசும் புளியும், வயல் வரப்பில் எல்லைக்கு நட்ட பனை, அய்யனார் கோயில் தோப்பு, தர்கா வளாகத்து வேம்பு, பழைய பள்ளிக்கூட மரங்கள், கடற்கரை மணலில் குடை விரித்த உடை மரங்கள், உச்சிப்புளி மண்டபம் பக்கம் மணலை மூடிக் கிடக்கும் தென்னந்தோப்புகள். வைகை வந்து சேரும் ராமநாதபுரம் பெரிய கண்மாயிலிருந்து சக்கரக்கோட்டைக் கண்மாய் வரை, அங்கிருந்து ஓடைகள் வழியே கடல் வரை, இந்தக் கரைகளே பறவைக்குச் சாலை. சக்கரக்கோட்டைக்கும் தேர்த்தங்கலுக்கும் 2025-ல் ராம்சர் அந்தஸ்து, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது, சித்திரங்குடிக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் 2022-லேயே கிடைத்துவிட்டது, எல்லாம் நீர்ப்பறவைக்காக. கரையில் நிற்கும் மரம் அந்தக் கணக்கில் ஒரு ஓரமாகத்தான் வருகிறது, மரங்கொத்திக்கு அந்த ஓரம்தான் எல்லாம்.

புது நகர் போடும்போது நடப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். முதல் நாள் ஜேசிபி வந்து நிலத்தை வழிக்கும். வரப்புப் பனைகள் செங்கல் சூளைக்குப் போகும். கல் ஊன்றி, வண்ணம் அடித்து, நுழைவாயில் கட்டி, ரோட்டோரம் ஏதாவது பூமரக் கன்று நட்டு, பசுமை நகர் என்று பெயர் வைப்பார்கள். ஓடை மட்டும் பட்டாவில் இல்லாததால் தப்பிக்கும், கரையில் இருக்கும் பனைகளும் அதனோடு தப்பிக்கும். உங்கள் வீட்டுப் பின்பக்கம் அப்படித் தப்பித்த ஒரு துண்டுதான். அது ஒரு பக்கம் தோப்பிலும் இன்னொரு பக்கம் கண்மாய்க் கரையிலும் தொட்டுக்கொண்டிருக்கும் வரை மரங்கொத்தி வரும். நடுவில் நாலு மனை அகலத்துக்கு மொட்டையாக்கினாலும் ஒருவேளை தாண்டும். நீளமான வெட்டவெளி என்றால் வருவது சந்தேகம், வந்தாலும் தங்காது.

'எங்கள் ஊரில் மரத்துக்கா பஞ்சம், எங்கு பார்த்தாலும் பச்சை' என்று யாராவது சொன்னால், அது சீமைக்கருவேலம். கூகுள் மேப்பில் மேலிருந்து பார்த்தால் ராமநாதபுரம் மாவட்டம் நல்ல பச்சையாகத்தான் தெரியும். ஆனால் மூட்டம் போட்டுக் கரி எடுக்க சில வருஷத்துக்கு ஒருமுறை அடியோடு வெட்டுவதால் அதன் தண்டு கை அளவுக்கு மேல் பருப்பதே இல்லை. பொந்து குடைய ஓரளவு பருமன் வேண்டும், பறவை உள்ளே திரும்ப இடம் வேண்டும், காய்ந்த மரம் வேண்டும். பத்து ஏக்கர் சீமைக்கருவேலத்தில் இல்லாத இடம் ஒரு மொட்டைப் பனையில் இருக்கிறது. கரி தொழில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மழை பொய்த்த வருஷங்களில் எத்தனையோ குடும்பம் அதில்தான் சாப்பிட்டது. பச்சையைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்கிறேன்.

இடையில் ஒரு விஷயம், இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு மட்டும் சுவாரசியமானது. தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள்தான். அங்கே மன்னார்த் தீவிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் மரங்கொத்தி நம்முடையது போலவே மஞ்சள் முதுகு. அப்படியே தெற்கே கண்டி, கொழும்புப் பக்கம் போனால் முதுகு ரத்தச் சிவப்பு. அது இலங்கைக்கே உரிய தனி இனம் என்று 2016-ல் வெளியான ஆய்வு மரபணுவையும் பார்த்து உறுதிசெய்தது. இரண்டும் சந்திக்கும் நடுப்பகுதியில் கலப்பினம், முதுகு ஆரஞ்சு. கடல் மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் ராமர் பாலம் இருக்கும் இடம் தரையாக இருந்தது, மரமிருந்த வரை மரம் மரமாகத் தாவிப் போயிருக்கும். நான் மேலே சொன்ன அதே பழக்கம்தான், மரத் தொடர் இருந்தால் போகும், இல்லையென்றால் நிற்கும்.

உங்கள் நகரில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். மொட்டைப் பனை வீட்டின் மேல் விழுமோ என்ற பயம் நியாயமானது, ஐப்பசி கார்த்திகையில் இங்கே அடிக்கும் காற்று அப்படி. பனையின் உயரத்தை விட வீடு தள்ளியிருந்தால் பேச்சே இல்லை. கிட்டத்தில் இருந்தால் முழுசாக வெட்டாமல், பொந்துக்கு மேலே கொஞ்சம் விட்டு மேல்பகுதியை மட்டும் இறக்கச் சொல்லுங்கள். பதினைந்து அடி உயரத்துக்குத் தண்டு நின்றாலும் பறவைக்குப் போதும். இதை ஆவணி புரட்டாசியில் செய்யுங்கள், கூடு இருக்கும் மாதங்களில் கை வைக்க வேண்டாம். பனை மாநில மரம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள், ஆகவே பட்டதுதானே என்று நீங்களாக ஆள் விட்டு வெட்டாமல் முதலில் வேளாண்மைத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டைக் கலைப்பதும் பறவையைப் பிடிப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பையன்கள் பொந்தில் கையை விட்டுக் கிளிக்குஞ்சு எடுப்பதும் இதில்தான் வரும், ஊரில் அதை யாரும் குற்றமாகவே நினைப்பதில்லை.

அடுத்து மருந்து. கரையான் வருகிறது என்று வீட்டைச் சுற்றியும் மரத்தடியிலும் பூச்சிமருந்தை ஊற்றுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. அஸ்திவாரத்துக்குச் செய்வது வேறு. ஓடைக்கரைப் பனையில் கரையான் ஏறினால் பனைக்கு ஒன்றும் ஆகாது, அது மேல் செதிலைத்தான் தின்கிறது. அங்கே மருந்து அடித்தால் மரங்கொத்தியின் சாப்பாட்டுத் தட்டில் அடித்த மாதிரி.

மின்கம்பிக்காகக் கிளை வெட்ட வருகிறவர்கள் வேம்பையும் பூவரசையும் பாதியில் முறித்துவிட்டுப் போவார்கள், பார்க்கக் கண்றாவியாக இருக்கும். அந்த முறிந்த கட்டையைச் 'சுத்தம்' செய்ய வேண்டாம். சில வருஷத்தில் நுனி உளுத்து, அதிலும் பொந்து வரும். முருங்கையும் கல்யாண முருங்கையும் மென்மரம், காய்ந்த கிளையைக் குடைவது எளிது, பூவில் தேனும் உண்டு. வேலி ஓரத்தில் போத்து வெட்டி ஊன்றினாலே வரும், செலவில்லை. ஓடைக்கரையில் இடைவெளி இருக்கும் இடத்தில் பனங்கொட்டை போடுங்கள், அது மரமாக உங்கள் பேரன் காலம் ஆகும் என்பதால் நடுவில் வேம்பும் பூவரசும் வையுங்கள், உப்புக் காற்றையும் உவர் மண்ணையும் பூவரசு தாங்கும். மரப்பெட்டிக் கூடு வாங்கி மாட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாட்டினால் மைனா வரும், அணில் வரும், மரங்கொத்தி வருவது அரிது. அது பெரும்பாலும் தானே குடைந்த வீட்டில்தான் முட்டையிடும்.

கடைசியாக ஜன்னல். கண்ணாடியில் தெரிவது தன் உருவம் என்று அதற்குத் தெரியாது, தன் எல்லைக்குள் இன்னொன்று வந்துவிட்டது என்று சண்டைக்குப் போகிறது. கூடு வைக்கும் மாதங்களில்தான் இது, அப்புறம் தானாக நின்றுவிடும். அதுவரை கண்ணாடியின் வெளிப்பக்கம் பழைய பேப்பரோ துணியோ ஒட்டிவிடுங்கள். உள்பக்கம் திரை போட்டால் இன்னும் நன்றாகப் பிம்பம் தெரியும், அது வேலைக்காகாது. பைக் கண்ணாடியையும் தட்டினால் ராத்திரி நிறுத்தும்போதே ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிவிடுங்கள். ஆனால் ஜன்னல் மரச்சட்டத்தையோ பழைய ஓட்டு வீட்டுப் பனஞ்சட்டத்தையோ கொத்தினால் அது வேறு விஷயம். அங்கே விரலால் தட்டிப் பாருங்கள், பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே கரையான் இருக்கிறது, தச்சரைக் கூப்பிட வேண்டிய நேரம்.